கோலத்துக்கு அடியில் கிடந்த கிழங்கு

என் கத்தரிக்காயைப் பறித்தது யார் என்று எனக்குத் தெரியும். பறித்தவரே சொன்னார். மூன்றாவது மாடிக்காரர். படியில் எதிரே வந்தவர் நின்று, "சார், உங்க கத்தரிக்கா என்ன ருசி சார். நேத்து எண்ணெய்க் கத்தரிக்கா வச்சாங்க வீட்ல. வெண்ணெய் மாதிரி கரையுது" என்றார். என் தோளைத் தட்டினார். மேலே போய்விட்டார். நான் சிரித்தேன். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அதைக் கழற்ற முடிந்தது.

எனக்குக் கோபமே வராது என்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடையிலும் அப்படித்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பெரிய கடைவீதியில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். ஐம்பதை நெருங்கியும் அதே கடைதான். கோபம் வருகிற நேரத்தில் எனக்குப் பேச்சு வராது. காது சுடும். பேச்சு வருகிற நேரத்தில் எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மனசுக்குள் நான் பேசியிருக்கிற பேச்சையெல்லாம் வெளியே பேசியிருந்தால் என்னைக் கண்டாலே ஆட்கள் விலகிப் போயிருப்பார்கள்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், மேலூர் போகிற சாலையை ஒட்டி, வாழைத்தோப்பை அழித்துக் கட்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. வாடகை வீடு. கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் வலது கைப்பக்கம் மதிலை ஒட்டி நீளமாக ஒரு துண்டு நிலம். மற்ற இடமெல்லாம் பேவர் கல் பதித்தது. கட்டி முடித்த புதிதில் வீட்டுக்கு ஒரு பாத்தி என்று அந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குக் கேட்டுக்குப் பக்கத்திலேயே முதல் பாத்தி. முதல் பாத்தி என்பதால் போகிறவர் வருகிறவர் கை எல்லாம் முதலில் அதில்தான் விழும். தக்காளி பழுக்கிற வரைக்கும் இருக்காது. பச்சை மிளகாயை, "ரெண்டே ரெண்டு, சட்னிக்கு" என்று கிள்ளிக்கொண்டு போவார்கள். புதினாவை வேரோடு பிடுங்கினவர் உண்டு.

என் மனைவிக்கு என்னைப் போல் இல்லை. வாய் உண்டு.

"ஏங்க, ஒரு அட்டையில எழுதி வைங்க. பறிக்காதீங்கன்னு."

"தப்பா நினைப்பாங்க."

"நம்ம கத்தரிக்காய நாம சாப்பிட்டா தப்பா நினைப்பாங்களா? அப்ப அவங்க வீட்டுச் சோத்தையும் போய்க் கேளுங்க. தப்பா நினைக்கட்டும்."

அந்த ஐப்பசியில் ஒருநாள் சமையலறைக் கூடையைக் கிளறியபோது அடியில் கிடந்த உருளைக்கிழங்கு இரண்டு முளைவிட்டிருந்தது. தூக்கிப் போடப் போனவன் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நட்டால் காய்க்கிறது மண்ணுக்குள்ளே. யார் கண்ணுக்கும் தெரியாது. படியில் இறங்குகிற அவசரத்தில் யாரும் கிள்ள முடியாது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் பாதிக்குமேல் பழிவாங்குகிற சந்தோஷம்தான்.

காந்தி மார்க்கெட்டில் எப்போதும் வாங்குகிற கடையில் போய், முளைவிட்ட கிழங்காகப் பொறுக்கித் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முளைவிட்டதா? எல்லாரும் அது வேணாம்பாங்க. என்ன செய்யப்போறீங்க?"

"நடறதுக்கு."

"எங்க?"

"ஸ்ரீரங்கத்துல."

"ஸ்ரீரங்கத்துல. சரி. மார்கழிக்குப் பனி விழும், மஃப்ளரு போட்டு விடுங்க அதுக்கு" என்றார். பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் சாக்கைக் கவிழ்த்து, நல்ல கண் உள்ள கிழங்காகத்தான் பொறுக்கிப் போட்டார்.

ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்கும்படி வெட்டினேன். வெட்டின முகத்தில் சாம்பல் தடவவேண்டும், இல்லாவிட்டால் அழுகும் என்றார்கள். காஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் என் மனைவி ஒரு கிண்ணத்தில் கேட்டு வாங்கி வந்தாள். நிழலில் உலர்த்தி, கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் விட்ட ஒரு சாயங்காலம் வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நட்டேன். நிலம் நல்ல வண்டல்தான், நடுவே நடுவே கட்டடக்காரர்கள் விட்டுப்போன செங்கல் துண்டு. பொறுக்கிப் போட்டுவிட்டு, குழியை மூடி, பலகையால் இழுத்துச் சமமாக்கினேன். செடி வந்த பிறகு மண் அணைத்துக்கொள்ளலாம் என்று மேடுகூடக் கட்டவில்லை. மேடு கட்டினால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. என்ன போட்டேன் என்று எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு பார்வை. ராத்திரி வந்ததும் வாட்ச்மேனுடைய டார்ச்சில் ஒரு பார்வை. பக்கத்துப் பாத்திகளில் கீரை விதைத்தவர்களுக்கு மண் கண்ணெதிரே பச்சையாகிக்கொண்டிருந்தது. என் பாத்தி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கூழாகிவிடும் என்று குடையோடு போய் வாய்க்கால் கீறிவிட்டேன். மழை விட்டதும் பொறுக்காமல் ஓர் ஓரத்தில் விரலை விட்டுத் துழாவினேன். துண்டு கையில் பிசுபிசுத்தது. முகர்ந்தேன். குப்பென்று அழுகல் நாற்றம். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இன்னொரு இடத்தில் துழாவினேன். அங்கே கிழங்கு கல் மாதிரி இருந்தது, பக்கத்தில் வெள்ளையாய் ஒரு முளை, சின்னக் குழந்தையின் பல் மாதிரி. பத்திரமாக மூடிவிட்டு, கையைக் கழுவாமலே வீட்டுக்குள் ஓடி என் மனைவியிடம் சொன்னேன்.

"அதத் தோண்டித் தோண்டிப் பாத்தே கொன்னுடுவீங்க" என்றாள். ஆனால் அவளும் மறுநாள் பால் வாங்கப் போகிற சாக்கில் பாத்திப் பக்கம் குனிந்து நின்றதைப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்டு வாசலில் என்னைப் பிடித்தார். ஒரு தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்களை எல்லாம் இன்னும் தம் ஷிஃப்டு ஆட்களாகத்தான் பார்க்கிறார். அவர் வீட்டில் புதிதாக இரண்டாவது கார் வந்திருந்தது. கார் நிறுத்த இடம் இல்லை.

"உங்க பாத்தி சும்மா கிடக்கே சார்."

"போட்டிருக்கேன் சார்."

"ஒண்ணும் தெரியலையே."

"வரும் சார்."

"சும்மா கிடக்கற பாத்திய எல்லாம் எடுத்து பேவர் போட்டுடலாம்னு கமிட்டில பேச்சு. சொல்லி வைக்கிறேன்."

கமிட்டி என்றால் அவரும் அவருடன் காலையில் நடக்கப் போகிற இரண்டு பேரும். என் பாத்தி, கேட்டுக்குப் பக்கத்தில், அவருடைய புதுக் காருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "என்ன போட்டிருக்கேன் தெரியுமா" என்று கேட்க வாயெடுத்தேன். சொன்னால் ரகசியம் போய்விடும். விழுங்கிவிட்டேன். அன்றைக்குக் கடையில் பாத்திர மூடிகளை அடுக்கும்போது சத்தம் கேட்டு முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வீட்ல சண்டையா? மூடி என்ன பண்ணுச்சு உன்னை?"

கார்த்திகைக் கடைசி நாள். மழை கரைத்துவிட்ட மண்ணை மறுபடி பலகையால் இழுத்துச் சமமாக்கினேன். அடுத்த தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் ஒரு வாளி சாணி வாங்கிவந்து, உரமாக இருக்கட்டும் என்று நீர்க்கக் கரைத்து பாத்தி முழுக்கத் தெளித்தேன். அதுதான் நான் செய்த காரியம்.

மறுநாள் விடியும் முன்னால் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மார்கழி பிறந்துவிட்டது. டம்ளரில் டீயோடு பாத்தியைப் பார்க்க வந்தேன். கேட்டுப் பக்கம் ஒரே பேச்சுக் குரல். குடியிருப்புப் பெண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். ஸ்வெட்டர் போட்டவர்கள், தலையில் துண்டு கட்டியவர்கள். நடுவில் இரண்டாம் மாடி மாமி புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, குனிந்து, கோலம் இழுத்துக்கொண்டிருந்தார். என் பாத்தியின்மேல்.

மாமி கோயிலுக்குப் பக்கத்து வீதியில் பிறந்து வளர்ந்தவர். கணவர் வங்கியில் இருந்தார், இப்போது இல்லை. கோலம் என்றால் மாமி என்பது குடியிருப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சிமெண்டிலும் பேவரிலும் கோலம் போடுவது கோலமே இல்லை, மண் வேண்டும், சாணி தெளித்த மண் வேண்டும் என்று வருஷாவருஷம் புலம்புவார். அவர் கண்ணில் என் பாத்தி பட்டிருக்கிறது. இழுத்துச் சமமாக்கி, சாணி தெளித்து, வாசலுக்குப் பக்கத்திலேயே.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வாங்கோ வாங்கோ. நீங்கதான் தெளிச்சேள்னு வாட்ச்மேன் சொன்னான். யாருக்குத் தோணும் இப்படி? பொம்மனாட்டி எங்களுக்கே தோணலை. நன்னா இருங்கோ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ, "சார் ரொம்ப நல்ல மனுஷன்" என்றார்கள். பெண்கள் குந்தி உட்கார்ந்து கோடுகளுக்குள் கலர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாதங்கள் எந்த இடத்தில் பதிந்திருந்தன என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த ஓரம் நல்ல கண் இருந்த பெரிய துண்டு. இந்த முனை நான் விரலால் தொட்டுப் பார்த்த முளை. அதன்மேல் ஒரு கால், மெட்டி போட்ட கால், அழுத்தி ஊன்றியிருந்தது.

சிரித்தேன். என்ன செய்வது, அந்தச் சிரிப்பு அப்படித்தான், தானாக வரும்.

"நாளைக்கும் தெளிச்சு வச்சுடுங்கோ, என்ன?" என்றார் மாமி.

"சரிங்க" என்றேன்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. கோலத்தின்மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. கோலத்தை மிதிக்க முடியாது. பொழுது சாய்ந்த பிறகு, கோலம் கலைந்ததும், ஒரு குச்சியால் மண்ணைக் கீறிவிடுவேன். மறுநாள் அதிகாலை அதே மண்ணை நானே சமமாக்கி நானே சாணி தெளிப்பேன். விடிந்தால் அத்தனை பேரும் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். மண் தளம் போட்ட மாதிரி இறுகிவிட்டது. செல்ஃபி வேறு எடுத்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் படம். "நம்ம அபார்ட்மெண்ட் மார்கழி ஸ்பெஷல்." நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கோலத்தை விட்டுவிட்டு, மண்ணில் எங்கேயாவது வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி ஒருநாள் வெடித்தாள். "உருளைக்கிழங்கு மேல ஊரே உக்காந்திருக்கு. நீங்க வாளியில சாணி கரைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"எப்படிச் சொல்றது? கோலம் போடறாங்க."

"இதுக்கு அடியில கிழங்கு இருக்குங்க, நகருங்கன்னு சொல்றது. அவ்வளவுதான் விஷயம். நான் சொல்லிருவேன். சொன்னா, பொண்டாட்டிய முன்னால விட்டுட்டுப் பின்னால நின்னான்னு உங்களத்தான் பேசுவாங்க. அதனால நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மனசுக்குள் தினமும் சொன்னேன். பாலத்தின்மேல் பஸ் போகிற நேரம் முழுக்கச் சொன்னேன். மாமியிடம் மரியாதையாக, மூன்றாம் மாடிக்காரரிடம் கொஞ்சம் காரமாக, செயலாளரிடம் சட்டையைப் பிடிக்காத குறையாக. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தொண்டை வறண்டிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். லிஃப்டு, தண்ணீர் மோட்டார் எல்லாம் பேசி முடித்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"அந்த முதல் பாத்தி விஷயம். அதுல பயிர்னு ஒண்ணும் கிடையாது. மாமி கோலம் போடறாங்க, நல்ல விஷயம். நானே தினம் ஃபார்வர்டு பண்றேன். ஆனா அதுக்கு மண்ணு எதுக்கு? பேவர் போட்டா கோலம் இன்னும் பளிச்னு இருக்கும். மத்த நேரத்துல ஒரு வண்டி நிறுத்திக்கலாம். வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேன், அவருக்கு ஒண்ணும் இல்லையாம்."

ஓனரிடம் பேசிவிட்டார். என்னிடம் பேசவில்லை. நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

காது சுட்டது. என் மனைவி முழங்கையால் விலாவில் இடித்தாள். "அதுல பயிர் இருக்கு சார்" என்று என் குரல் எங்கிருந்தோ வந்தது.

"என்ன பயிர்?"

"உருளைக்கிழங்கு."

சிரிப்பு கிளம்பியது. "சார், இது திருச்சி சார். இங்க வெயில்ல கிழங்கு மண்ணுக்குள்ளயே வெந்துரும்" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "நேரா மசால் தோசைக்கு எடுத்துக்கலாம்." என் கத்தரிக்காய் தின்ற வாய்.

"மார்கழியில வரும்" என்றேன்.

"எங்க வந்திருக்கு, காட்டுங்க" என்றார் செயலாளர். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கையை விரித்தார். "சரி. அடுத்த ஞாயிறு பேவர்காரங்க வராங்க. அதுக்குள்ள ஏதாவது தலை காட்டுச்சுன்னா பாப்போம். இல்லன்னா கல்லு போட்டுருவோம். நியாயமாத்தானே சொல்றேன்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமி ஆட்டவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் மறித்தார். முகம் சிவந்திருந்தது. "நிஜமாவா? அடியில கிழங்கு இருக்கா?"

"ஆமாங்க."

"நான் முதல் நாள் கோலம் போடறச்சேயும் இருந்ததா?"

"ஆமாங்க."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிண்டிருந்தேள்? இத்தனை பொம்மனாட்டிகளும் ஒரு மனுஷன் பயிர் வச்ச இடத்த மிதிச்சிண்டு, குந்திண்டு, போட்டோ எடுத்துண்டு இருக்கோம். நீங்க டீயக் குடிச்சிண்டு சிரிச்சிண்டு நிக்கறேள். நல்ல மனுஷன்னு வேற உங்களச் சொன்னேன். என்னைன்னா பாவத்துல தள்ளிட்டேள்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் பாத்தியை மிதித்தவர்கள் அவர்கள். திட்டு எனக்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியாததால் மூடிக்கொண்டேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதுவும் உருளைக்கிழங்கு" என்றார், இரண்டு படி ஏறி நின்று. "ஒரு சேனை வச்சிருந்தா எங்காத்து ச்ராத்தத்துக்காவது ஆகும். உருளை ஆகாது." இன்னும் இரண்டு படி ஏறினார். "ஆனா எனக்கு வறுவல்னா உசுரு. போங்கோ, போய் மண்ணக் கிளறி விடுங்கோ."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து, இறுகிப்போன மேல்மண்ணைக் களைக்கொத்தியால் மெதுவாக உடைத்தேன். கையில் கோலமாவும் கலர்பொடியும் அப்பிக்கொண்டன. ஆழமாகக் கொத்தப் பயமாக இருந்தது. முளை எங்கே இருக்கிறதோ.

மறுநாள் காலை நான் சாணி தெளிக்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். பாத்தியில் யாரும் இல்லை. மாமி கேட்டுக்கு நேரே, வண்டிகள் வெளியே போகிற வழியை முழுக்க அடைத்து, பேவர் கல்லின்மேல் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மதிலுக்கும் அந்தத் தூணுக்கும் இடையில் ஒரு சாண் பாக்கியில்லை. பெண்கள் கலர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூசணிப்பூ.

செயலாளர் மருமகனை ரயிலேற்ற ஜங்ஷனுக்குக் கிளம்பினார். புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்து கோலத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஹாரன் அடிக்கக் கைவைத்து எடுத்துவிட்டார். இறங்கி வந்தார்.

"மாமி, என்னது இது? வண்டி போகணுமே."

"போகணும்தான்" என்றார் மாமி, தலை நிமிராமல். "மண்ணுல போட்டுண்டிருந்தேன். மண்ணு எதுக்கு, பேவர்ல பளிச்னு இருக்கும்னேள். பளிச்னு இருக்கா பாருங்கோ."

"அது வந்து, நான் சொன்னது..."

"ஏத்திண்டு போங்கோ வேணும்னா. மார்கழிக் கோலத்து மேல புதுக் கார ஏத்தினா உங்களுக்குத்தான் நல்லது."

செயலாளர் கோலத்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மருமகன் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, மதிலோரமாக நுனிக்காலில் நடந்து வெளியே போய் ஆட்டோ பிடித்தார். அந்த வாரம் முழுக்க அந்தக் கார் கோலம் கலைந்து வெயில் ஏறின பிறகுதான் வெளியே போனது. மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒருவரும் கோலத்தின்மேல் சக்கரத்தை வைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் பாத்தியில் இன்னும் ஒன்றும் தலை காட்டவில்லையே. மிதிபட்டது மிதிபட்டதுதான். வெள்ளிக்கிழமை ஒரு மினி லாரி வந்து பேவர் கல்லையும் எம் சாண்ட் மணலையும் என் பாத்திக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனது. கொஞ்சம் பாத்திக்குள்ளேயும் சரிந்திருந்தது. ராத்திரி வந்து அந்த மணலைக் கையால் வாரி வெளியே தள்ளினேன். எத்தனையோ பேர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருவராவது சன்னல் வழியே பார்த்து, "என்ன சார் செய்றீங்க" என்று கேட்கமாட்டார்களா என்று இருந்தது. கேட்டிருந்தால் அன்றைக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை மண்ணில் ஒரு வெடிப்பு தெரிந்தது. சின்ன மூடியைக் கீழிருந்து யாரோ தூக்குகிற மாதிரி மண் பொருக்கு ஒரு பக்கமாக எழும்பியிருந்தது. நான் தொடவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "எலியா இருக்கப்போகுது" என்றாள். ஆனால் அன்றைக்கு என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவள் பால்கனியிலேயே உட்கார்ந்து அரிசி பொறுக்கினாளாம், காய் நறுக்கினாளாம். எல்லாம் பாத்தியைப் பார்த்தபடி.

ஞாயிறு விடிந்தது. பொருக்கு விலகி, கரும்பச்சையில், சுருட்டி வைத்த விரல் மாதிரி, மூன்று இடத்தில் வந்திருந்தது. சாணியும் சிவப்புக் கலர்பொடியும் கலந்த மண் அதன் தலையில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

செயலாளர் பேவர்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மூன்றாம் மாடிக்காரர்.

"வந்திருக்கு சார்" என்று எழுந்து நின்றேன்.

குனிந்து பார்த்தார். "இதுவா? இது ஏதோ களை சார். மழைக்கு வரும் இந்த மாதிரி."

"இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க? அடியில கிழங்கு இருக்கணும்ல. பிடுங்கிப் பாத்தாத் தெரிஞ்சுடும்" என்று உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்த முளையைக் கழுத்தில் பிடித்தார்.

"கைய எடுங்க."

யார் சொன்னது என்று நானே ஒரு நொடி பார்த்தேன். என் குரல்தான். மாடிக்கு மாடி கேட்கிற மாதிரி வந்திருந்தது. மேலே ஒரு கதவு திறந்தது. செயலாளர் விரலை எடுக்கவில்லை, என்னை அண்ணாந்து பார்த்தார். நான் இவ்வளவு கிட்டத்தில் நின்றுகொண்டிருப்பேன் என்று அவர் நினைக்கவில்லை.

"எடுங்கன்னு சொன்னேன். கத்தரிக்காயத் தின்னீங்க, மிளகாயக் கிள்ளினீங்க, புதினாவ வேரோட எடுத்தீங்க. ஓனர்கிட்ட பேசினீங்க, என்கிட்ட பேசல. மண்ணுக்குள்ள ஒளிச்சு வச்சேன், அதையும் தோண்டிப் பாக்கணுமா உங்களுக்கு? எடுங்க கைய."

எடுத்தார். மூன்றாம் மாடிக்காரர், "சார், சார், கூல்" என்று என் தோளைத் தொட வந்தார். என் முகத்தைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பேவர்காரர்களில் ஒருவர் பீடியைப் பற்றவைத்தபடி, "சார், நாங்க இருக்கறதா, போறதா? முடிவாச் சொல்லுங்க" என்றார்.

மாமி இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார். "தலை காட்டினாப் பாப்போம்னேளே. காட்டியாச்சு. பாருங்கோ."

செயலாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "பாப்போம்னுதான் சொன்னேன். பொங்கல் முடிய பாப்போம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கல் குவியலைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். என் மனைவி டீ வைத்துக் கொடுத்தாள். "நல்லாத்தான் கத்துனீங்க. ஆனா புதினாவ எடுத்தது அவர் இல்ல. மொதல் மாடி" என்றாள்.

இப்போது செடி முழங்கால் உயரம் வந்திருக்கிறது. மண் அணைத்துவிட்டேன், மேடாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அந்தக் கல் குவியல் அங்கேயேதான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காது சுடுகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன், தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன். என்னை இப்போது குடியிருப்பில் நல்ல மனுஷன் என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

நேற்று படியில் மூன்றாம் மாடிக்காரர் எதிரே வந்தார். நின்றார். "செடி சூப்பரா வந்திருக்கு சார். எப்ப தோண்டுவீங்க? சொல்லுங்க, நாங்களும் வந்துடறோம்."

அந்தச் சிரிப்பு முகத்துக்கு வரப் பார்த்தது. வரவிடவில்லை.

"சொல்லமாட்டேன்" என்றேன்.